கடலோரத்துப் பிள்ளைக்குக் காலேஜ் படிப்பு வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் அந்த நாட்களில்தான். வருமானம் நின்றுபோன வீட்டில் உட்கார்ந்து, அடுத்த மூன்று நான்கு வருஷத்துச் செலவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் தங்கச்சிமடத்துக்காரி. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இருபது வருஷமாக அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மே மாதம் வந்தால் வாசலில் யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிகிரி முடித்தால் வேலை நிச்சயமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் டீச்சர்.

நிச்சயம் இல்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

டாக்டர், வக்கீல், வங்கி அதிகாரி, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைகளுக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் அப்படித்தான். ஆனால் குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பு போதும். இரண்டாம் நிலைக் காவலருக்கும் பத்தாம் வகுப்புதான். அதனால் "டிகிரி வேண்டுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன வேலைக்குப் போக ஆசை, அந்த வேலை எந்தச் சான்றிதழைக் கேட்கிறது, அதை வாங்க எத்தனை வருஷம், எவ்வளவு பணம். இந்த வரிசையில் கேளுங்கள். நம் பக்கத்தில் முதலில் காலேஜைப் பிடிக்கிறோம், படித்து முடித்த பிறகுதான் வேலையைப் பற்றி யோசிக்கிறோம்.

இன்னொன்று. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி இந்தியா முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. அப்பா காலத்தில் ஊருக்கு ஒரு பி.ஏ. இருந்தால் அவர் வீட்டை எல்லோருக்கும் தெரியும். இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வெறும் பட்டம் மட்டும் யாரையும் வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாது. ஆனால் பட்டம் கேட்கிற வரிசையில் அது இல்லாதவருக்கு இடமே கிடையாது.

படித்தவன்தான் வேலை இல்லாமல் சுற்றுகிறான், படிக்காதவன் சம்பாதிக்கிறான். கண்ணால் பார்க்கிறோமே?

நீங்கள் பார்ப்பது உண்மைதான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளும் அதையே காட்டுகின்றன. படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடையேதான் வேலையின்மை விகிதம் அதிகம். காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவரால் ஒரு வாரம்கூடச் சும்மா இருக்க முடியாது. கிடைத்த வேலைக்குப் போய்விடுவார், கணக்கில் அவர் 'வேலையில் இருப்பவர்'. பட்டதாரி தன் படிப்புக்கு ஏற்ற வேலைக்காக வீட்டில் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை யாரோ சாப்பாடு போட்டுத் தாங்குகிறார்கள். ஆகவே அந்தப் புள்ளிவிவரத்தை வைத்துப் படிப்பு வீண் என்று சொல்ல முடியாது. எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் பேசி ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மறுபடி கடலுக்கே வந்துவிட்டான். அப்புறம் எதற்கு நாலு வருஷம்?

இது என் வீட்டிலேயே நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் தம்பி 2008-இல் இன்ஜினியரிங் சேர்ந்தான். நல்ல மார்க் இல்லை. ஒரு ஏஜெண்டு வீட்டுக்கு வந்து, "மெக்கானிக்கல் எடுத்தால் கேம்பஸிலேயே வேலை" என்று சொன்னார். மேனேஜ்மென்ட் சீட். பணம் கட்டுவதற்காக அப்பா தன் வல்லத்தையும் எஞ்சினையும் விற்றார். தன் படகில் போய்க்கொண்டிருந்த மனிதர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். காலேஜில் வொர்க்‌ஷாப் என்று ஒரு கட்டடம் இருந்தது, வேலை செய்கிற எந்திரம் இல்லை. தம்பி பதினொரு அரியர் வைத்தான். இரண்டு வருஷம் கூடுதலாக எடுத்து முடித்தான். கேம்பஸுக்கு எந்தக் கம்பெனியும் வரவில்லை. சென்னையில் எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வருஷம் வேலை பார்த்தான். அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை, திரும்பி வந்துவிட்டான்.

இன்று அவன் மண்டபம் கரையில் படகு எஞ்சின் மெக்கானிக். நன்றாகச் சம்பாதிக்கிறான். ஆனால் அந்த வேலையை அவன் கற்றது ஒரு பட்டறையில். ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிப்பு ஒரே வருஷம்தான். அதில் சேர்த்திருந்தால் அப்பாவின் வல்லம் அப்பாவிடமே இருந்திருக்கும்.

அவன் படித்தது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தவறு எங்கே நடந்தது என்றால், அவனுக்கு எதில் கை ஓடும் என்று யாரும் கேட்கவில்லை, அக்கா நான் உட்பட. காலேஜை நேரில் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு பையனிடம் "உங்கள் சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஏஜெண்டு சொன்னதை நம்பினோம். இன்று சேர்ப்பவர்களுக்கு வழிகள் கூடியிருக்கின்றன. கவுன்சிலிங் மூலம் சேர்கிற முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11-லிருந்து உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் என விரிந்தது. மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பணம் புரட்டுவதற்கு முன் இந்த வழிகளைப் பாருங்கள்.

அப்துல் கலாம் ஐயாவே அக்கா நகையை அடகு வைத்துத்தானே படித்தார்? நாங்கள் வைத்தால் என்ன?

ராமேசுவரத்தில் இதைக் கேட்காத அம்மா கிடையாது. கேட்க வேண்டிய கேள்விதான். அவர் கதையை வரிசையாகப் பாருங்கள். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், அதற்குப் பிறகு குரோம்பேட்டை எம்ஐடி இன்ஜினியரிங் கல்லூரி. எம்ஐடி-யில் தேர்வாகி இடம் கிடைத்தது. சேர ஆயிரம் ரூபாய் அளவுக்கு வேண்டியிருந்தது. அப்போதுதான் அக்கா சொஹ்ரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தன் சம்பாத்தியத்தில் அந்த நகையை மீட்க வேண்டும் என்ற வைராக்கியத்தோடு தம்பி படித்தார். முதலில் தகுதியால் இடம், அதன் பிறகு நகை. நம் வீடுகளில் இப்போது இடத்தை வாங்குவதற்கே நகை போகிறது. அந்த வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கடனுக்கு யாரிடம் போவது?

மீன் வியாபாரியிடம் போகாதீர்கள். இதைக் கெஞ்சியே சொல்கிறேன். வியாபாரி முன்பணம் கொடுப்பார், வட்டி என்று ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் அது தீரும்வரை உங்கள் நண்டும் கணவாயும் அவருக்குத்தான் போக வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. பிள்ளை படித்து முடித்த பிறகும் அந்தக் கட்டு அவிழாத வீடுகளை எனக்குத் தெரியும். மீட்டர் வட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வங்கியில் கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் உண்டு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் போதும், 15 வருஷம் வரை தவணை கிடைக்கும். மேனேஜர் முதல் தடவை "அடுத்த வாரம் வாங்க" என்பார். ஆன்லைனில் விண்ணப்பித்து அந்தத் தாளோடு போனால் பேச்சு மாறும். வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு முதல் வருஷம் உண்மையில் என்ன சம்பளம், அதில் மாதத் தவணை போக என்ன மிஞ்சும்? ஏஜெண்டு சொல்கிற சம்பளத்தை வைத்துப் போடக்கூடாது, போன வருஷம் முடித்த பையன் வாங்குகிற சம்பளத்தை வைத்துப் போடுங்கள்.

கடலே போதாதா டீச்சர்? நல்ல மீன்பாடு கிடைத்தால் ஒரு நாளில் கம்பெனிக்காரன் மாதச் சம்பளம் வந்துவிடுகிறதே.

வரும், நான் மறுக்கவில்லை. வாடைக்காற்றும் சோழகக் காற்றும் நீரோட்டமும் தெரிந்த ஒரு மனிதரின் அறிவை எந்தக் காலேஜும் கொடுக்காது. என் அப்பா நட்சத்திரத்தைப் பார்த்துக் கரை சேர்ந்தவர்.

ஆனால் வருஷக் கணக்கைப் பாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான் முறை, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. 61 நாள் தடை. புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை. டீசல், ஐஸ் செலவு எப்போதும் நிற்காது. அதற்கு மேல் இலங்கைக் கடற்படை. ஆளைப் பிடித்தால் சில வாரமோ சில மாதமோ கழித்து வீடு திரும்புகிறார், படகு போனால் போனதுதான். ஒரு படகை நம்பி மகனுடைய வாழ்க்கையை எழுதிவைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 சதவீத மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மிச்சம் 10 சதவீதம் கைப்பணம். அந்த 8 லட்சத்துக்கே பலர் தயங்கினார்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கும் அந்தத் தொழிலுக்குக் கருவி இயக்கவும் எஞ்சின் பார்க்கவும் கடன் தாளை வாசிக்கவும் தெரிய வேண்டும். கடல்தான் என்று முடிவெடுத்த பையனுக்கும் பிளஸ் டூ வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கடலை விடாமல் படிக்கிற படிப்பு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியவில்லை, அதுதான் வருத்தம்.

பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் 40 சதவீதம் இருந்தால், மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனத்தில் மீன்பிடிக் கப்பல் ஓட்டுவதற்கும் கப்பல் எஞ்சின் பராமரிப்பதற்கும் இரண்டு வருஷப் படிப்புகள் உண்டு. தலைமையிடம் கொச்சி, சென்னையிலும் கிளை இருக்கிறது. படகிலேயே வளர்ந்த பையனுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு எடுத்து 60 சதவீதம் வாங்கியவர்கள் வணிகக் கப்பலுக்கான நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோவுக்குப் போகலாம். நுழைவுத் தேர்வு உண்டு. ஒரு வருஷம் வகுப்பு, பிறகு கப்பலில் பயிற்சி. பத்தாம் வகுப்போடு, கப்பலில் கீழ்நிலைப் பணியாளராகப் போவதற்கு ஜிபி ரேட்டிங் என்று ஆறு மாதப் படிப்பும் இருக்கிறது. ஆனால் கப்பல் வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவர்கள் நம் கரையில்தான் அதிகம் சுற்றுகிறார்கள். கப்பல் துறை இயக்குநரகத்தின் அனுமதிப் பட்டியலில் அந்தப் பயிற்சி நிலையமும் ஏஜென்சியும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மீன்வள அறிவியல் நாலு வருஷப் பட்டம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல வருஷம் நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது. கடல்விரால் மீனை இந்தியாவிலேயே முதன்முதலாக 2010-இல் மண்டபத்தில்தான் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். நம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வாசலிலேயே இவ்வளவு இருக்கிறது. ஆனால் விஞ்ஞானி ஆக வேண்டுமானால் பட்டத்தோடு நிற்க முடியாது. முதுகலை, முனைவர் பட்டம் என்று போக வேண்டும், இடங்களும் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை பாதியில் சோர்ந்துபோகாது.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது?

டிகிரியைவிட இந்த முடிவு பெரியது என்பேன். கடலோரக் காவல் படையில் நாவிக் (மாலுமி) பொதுப்பணிக்கும், கடற்படையில் மாலுமியாகச் சேரும் அக்னிவீர் எஸ்எஸ்ஆர் பிரிவுக்கும் கணக்கும் இயற்பியலும் வேண்டும். கப்பல் படிப்பும் அதைத்தான் கேட்கிறது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம். தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிற பையன்களில் பாதிப்பேர் "கணக்கு கஷ்டம்" என்று பதினைந்து வயதிலேயே அந்தக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கணக்கு டீச்சர் என்பதால் சொல்லவில்லை. கஷ்டப்படுகிற பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள், சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

வெளிநாடு போவதற்கு டிகிரி எதற்கு? கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் எத்தனை சபுராளிகள் (வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள்) படிக்காமலே வீடு கட்டினார்கள்!

கட்டினார்கள். அதற்காகப் பதினைந்து இருபது வருஷம் பிள்ளை முகம் பார்க்காமல் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு பாஸ் செய்யாதவர் பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை விழும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். பத்து பாஸ் என்றால் அது வேண்டாம். பட்டம் இருந்தால் விசாவில் எழுதுகிற வேலையின் பெயரே மாறும், சம்பளமும் அதன்படி. பட்டச் சான்றிதழை மாநில அரசு, வெளியுறவுத் துறை, அந்த நாட்டுத் தூதரகம் என்று முறையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். அதனால் அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டம் இங்கே தப்பித்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். பதிவு பெற்ற ஏஜெண்டு சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளையை எதற்குப் படிக்க வைக்க வேண்டும்? எப்படியும் கட்டிக் கொடுக்கத்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் கடற்பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவான பிறகு, தீவுப் பக்கம் போனால் வனத்துறையோடு தகராறு. உப்புத் தண்ணீரில் காலையிலிருந்து நின்று, விலையை யாரோ சொல்ல, வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம், "என் மகளுக்கு இந்தக் கை வரக்கூடாது டீச்சர்" என்று சொல்லித் தன் விரல்களைக் காட்டினாள். நகமே இல்லை.

பெண்ணின் படிப்பை நான் சம்பளத்தால் மட்டும் அளக்க மாட்டேன். புருஷனை இலங்கையில் பிடித்துவைத்திருக்கும்போது கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவது யார்? வங்கியில் தவணைக்கு அவகாசம் கேட்பது யார்? படித்த பெண் இருக்கிற வீடு அந்த மாதங்களை வேறு மாதிரி கடக்கிறது. பதினெட்டு வயதில் நடக்க இருந்த கல்யாணம் இருபத்திரண்டுக்குத் தள்ளிப்போவதே பெரிய லாபம்.

செலவுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. ஐடிஐ, டிப்ளமோவுக்கும் உண்டு. 2024-இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. வீட்டிலிருந்து போய்வர ராமநாதபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, கீழக்கரையில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மார்க் எடுத்த மூன்று பெண்கள் எங்கள் பள்ளியிலிருந்து காலேஜ் சேர்ந்து, பஸ் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் நின்றார்கள்.

ஐடிஐ, டிப்ளமோ என்றால் மரியாதை இல்லையே?

கல்யாணப் பேச்சில் இல்லாமல் இருக்கலாம், கரையில் இருக்கிறது. ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் எல்லோரும் யாரைத் தேடுகிறார்கள்? கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இலிருந்து ஓடுகிறது, அங்கேயும் எலக்ட்ரீஷியன் வேண்டும். அதோடு படிப்பு அங்கேயே முடிந்துவிடுவதும் இல்லை. இரண்டு வருஷ ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷம்.

எனக்கு 26 வயது. பாதியில் நின்றுவிட்டேன். இனி முடியுமா?

முடியும் தம்பி. அரியர் இருந்தால் முதலில் அதை எழுதி முடி. புதிதாகத் தொடங்குவதானால் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. ஆனால் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசை தப்பக்கூடாது. பன்னிரண்டைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது.

என் மகனுக்குக் கடல் மட்டும்தான் பிடிக்கிறது. அடித்தாவது காலேஜுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். பிளஸ் டூவை முடிக்கச் சொல்லுங்கள், அதுவரை லீவு நாளில் படகுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு லீவு முழுக்க வந்தாலே அவனுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேலும் கடல்தான் என்றால் சிஃப்நெட் விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

கேட்க வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள், ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டத்தில் நாள் போய்விடும். மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், அதில் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. பிள்ளையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவன் சொல்வதைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.